தளத்தை மூடினால் கடற்பசு பிழைக்குமா?

காட்டுயிர்ப் புகலிடம் என்று அறிவித்துவிட்டு அதற்குள்ளேயே படகு இறக்கவும் வழி செய்து கொடுப்பது முரண்பாடுதான் என்று சூழல் ஆர்வலர்கள் பலர் நினைக்கிறார்கள். ஃபுளோரிடாவின் மெரிட் தீவை வைத்து இதைப் பார்க்கலாம். நாசாவின் கென்னடி விண்வெளி மைய நிலத்தில் 1963-ல் தொடங்கிய இந்தத் தேசியப் புகலிடம் சுமார் 1,40,000 ஏக்கர் பரப்புடையது. மஸ்கிட்டோ லகூனையும் இந்தியன் ரிவர் காயலையும் இணைக்கும் ஹாலோவர் கால்வாயில் பேர்ஸ் கோவ் என்ற பொதுப் படகுத்தளம் இருக்கிறது. டிரெய்லரைப் பின்பக்கமாகத் தண்ணீருக்குள் இறக்கிப் படகை மிதக்கவிடும் சரிவு அது. அதே கால்வாய்க் கரையில் கடற்பசு பார்ப்பதற்கென்றே ஒரு மேடையும் உண்டு. நம் பாக் நீரிணை ஆவுளியாவுக்குத் தூரத்து உறவான மானட்டீதான் அங்குள்ள கடற்பசு. இந்தத் தளம் திறந்தே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. படகோட்டியைப் புகலிடம் நேருக்கு நேர் சந்தித்து நிபந்தனை போட முடிகிற இடம் அது.

இந்தியன் ரிவர் காயல் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீளம். அதற்கு வேலி போட முடியாது. பேர்ஸ் கோவை மூடினால் படகுகள் வேறு தளத்திலோ தனியார் துறையிலோ இறங்கி அதே நீருக்குத்தான் வந்து சேரும். வாகனத்துக்கு அனுமதிச் சீட்டு வாங்க வைப்பதும், எங்கே வேகம் குறைக்க வேண்டும் என்று அறிவிப்பதும், எஞ்சினில் சுற்றிய பாசியைக் களைந்துவிட்டுப் போகச் சொல்வதும் இங்கே ஒரே இடத்தில் நடக்கும். சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1997-ன் புகலிடச் சட்டம் வேட்டை, மீன்பிடிப்பு, காட்டுயிர் காணல், படமெடுத்தல், சூழல் கல்வி, விளக்கம் ஆகிய ஆறுக்கு முன்னுரிமை தருகிறது. அவையும் புகலிடத்தின் நோக்கத்துக்கு ஊறு செய்யக்கூடாது. படகுச் சவாரி அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே தளம் நிபந்தனையோடு கிடைக்கும் வசதி. யாருடைய பிறப்புரிமையும் அல்ல.

படகு கடற்பசுவைக் கொல்கிறதே என்பது வலுவான மறுப்பு. ஃபுளோரிடாவில் ஆண்டுதோறும் நூறையொட்டிய கடற்பசுக்கள் படகு மோதிச் சாகின்றன. தப்பிப் பிழைத்தவற்றை ஆய்வாளர்கள் அடையாளம் காண்பதே முதுகில் உள்ள எஞ்சின் விசிறித் தழும்பை வைத்துத்தான். ஆனால் கொல்வது வேகம். அதனால்தான் கால்வாயில் மெதுவாகத்தான் போகலாம். ஆழமற்ற சில பகுதிகளில் எஞ்சினை நிறுத்திக் கழி ஊன்ற வேண்டும். பனானா ரிவரின் வடபகுதியில் 1990 முதல் துடுப்புப் படகுக்கு மட்டுமே இடம்.

படகோட்டிகளும் எதிர்வாதம் வைத்திருக்கிறார்கள். 2021-ல் அம்மாநிலத்தில் சுமார் 1,100 கடற்பசுக்கள் மாண்டன. அவற்றில் பல இந்தக் காயலில் பட்டினியால் செத்தவை. உரமும் கழிவுநீரும் கலந்து பாசி பெருகி, வெயில் படாமல் கடற்புல் அழிந்ததே காரணம்; எங்களை ஏன் நெருக்குகிறீர்கள் என்கிறார்கள். காரணம் சரி, முடிவு தவறு. விசிறி கீறிய கடற்புல் தரை ஆறுவதற்கு ஆண்டுகள் ஆகும். புல் செழித்திருந்தபோது பொறுத்த கீறலை, புல் அருகிய காலத்தில் பொறுக்க முடியாது. பட்டியலில் இல்லாத பயன்பாடுகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பது புகலிடத்துறையின் கொள்கை. அப்போது எத்தனை படகு இறங்கின என்று எண்ணினால் போதாது. எவ்வளவு புல் மீண்டது என்று அளக்க வேண்டும். புல் மீளாவிட்டால் முதலில் எஞ்சின் தடைப் பகுதியை அகலப்படுத்துங்கள். தளத்துக்குப் பூட்டு கடைசி வழியாக இருக்கட்டும்.