மகளுக்கு ஒரு சைக்கிள்



சென்ற மாதம் இப்பகுதியில் காஸ் அடுப்புக் குழாயைப் பற்றி எழுதியதற்குப் பல கடிதங்கள் வந்தன. அவற்றுள் ஒன்று காஸைப் பற்றியதே அல்ல. கொழும்பிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார்: "மகளுக்குப் பதின்மூன்று வயது. டியூசனுக்குப் போய்வர சைக்கிள் கேட்கிறாள். ஓட்டோவுக்குக் கொடுத்துக் கட்டாது. ஆனால் இந்த வீதிகளில் விட மனம் துணியவில்லை."

ஆம், இல்லை என்று ஒரு வரியில் பதில் எழுத என்னால் முடியவில்லை. என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு தவித்ததை நாம் மறக்கமாட்டோம். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே பெற்றோல் என்று அறிவித்தபோது, சைக்கிள் கடைகளில் கூட்டம் நிரம்பியது. விலையும் ஏறியது. தெமட்டகொடையில் இருக்கும் என் தங்கையின் கணவரும் அலைந்து திரிந்து, பன்னிரண்டு வயது மகளுக்கு ஒரு சைக்கிள் கொண்டு வந்தார். 26 அங்குலச் சில்லு, நடுவில் உயர்ந்த பார். பிள்ளை சீட்டில் ஏறினால் பெருவிரல் நுனிகூட நிலத்தில் முட்டாது.

"இது பெரிசு இல்லையா?" என்று கேட்டேன்.

"வளர்ற புள்ளதானே ராத்தா. பெரிசா எடுத்தா நாலஞ்சு வருசத்துக்கு ஓடலாம்" என்றார்.

பெருநாள் உடுப்பை இரண்டங்குலம் கூட்டித் தைப்பவர்கள்தானே நாம்! எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

மூன்றாவது கிழமை, முன்னால் போன பஸ் ஹோல்டில் ஏற்றி இறக்க இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. இவள் பிரேக் பிடித்தாள். சைக்கிள் நின்றது, காலூன்ற நிலம் கிடைக்கவில்லை. அப்படியே சரிந்து கையை ஊன்றி விழுந்தாள். இடது மணிக்கட்டில் முறிவு. ஆறு கிழமை பிளாஸ்டர். நல்லவேளை, பின்னால் வாகனம் வரவில்லை.

அதன்பின் சைக்கிளைப் பின் விறாந்தையில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். "பொம்புளப் புள்ளைக்கு எதுக்கு சைக்கிள்" என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். அதே வருடம் அவளுடைய நானா மூன்று தடவை விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தான். அவனுடைய சைக்கிளை எவரும் பூட்டவில்லை.

உண்மையைச் சொன்னவர் சைக்கிள் திருத்தும் பாஸ் ஒருவர்தான். வளைந்த ஹென்டிலை நிமிர்த்தக் கொண்டுபோனபோது, சைக்கிளையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பிழை புள்ளயில இல்ல. இது அவளுட வாப்பாட சைஸ்" என்றார்.

சகோதரிகளே, வளரட்டும் என்று பெரிதாக வாங்கக்கூடாத பொருள் சைக்கிள். சட்டை பெரிதானால் மடித்துத் தைக்கலாம். சைக்கிள் பெரிதானால் விழுவதைத் தவிர வேறு வழியில்லை. கடையில் வைத்தே பாருங்கள். பிள்ளை இரண்டு காலையும் நிலத்தில் முழுதாக ஊன்றி வண்டியின் நடுவில் நிற்க வேண்டும். அப்போதும் பாருக்கு மேலே ஓரிரு அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். புதிதாகப் பழகுபவர் சீட்டில் இருக்கும்போதும் பாதம் நிலத்தைத் தொடட்டும். நன்றாக ஓட்டப் பழகியபின் சீட்டைச் சிறிது சிறிதாக உயர்த்தலாம். பெடல் கீழே போகும்போது முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்குமளவு உயரமே சரி. அதைவிடத் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலிக்கும். விரல்கள் பிரேக் பிடிக்கு எட்டுகின்றனவா என்பதையும் பாருங்கள். எட்டாவிட்டால் பிடியிலுள்ள சிறு திருகாணியைத் திருப்பிக் கிட்டவாக்கித் தருவார்கள்.

பெண்களுக்கு நடுப்பார் தாழ்ந்த லேடீஸ் சைக்கிள்தான் வசதி. நீண்ட ஆடையுடன் காலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அவசரத்தில் சட்டென்று இறங்கலாம். அது கிடைக்காவிட்டால் ஓட்டவே முடியாது என்பதல்ல. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்த்துக் கிராமத்துப் பெண்களுக்கு சைக்கிள் பழக்கினார்கள். ஆயிரக்கணக்கில் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் போகவே, ஆண்களின் சைக்கிளையே பல பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். பாரில் பிள்ளையை வைத்துப் போகலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டாம். ஆனால் அவர்கள் வளர்ந்த பெண்கள்.

அபாயா அணிந்து ஓட்டலாமா என்று அந்தத் தாய் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. செயின் வலப்பக்கம் ஓடுகிறது. துணி மாட்டுவது பெரும்பாலும் அங்கேதான். செயினை முழுதாக மூடும் கவர் உள்ள வண்டியாகப் பாருங்கள். பின்சில்லின் இருபுறமும் வலை அல்லது துணிக் காப்புப் போட்டுக்கொள்ளலாம். நெதர்லாந்தில் சாதாரண வீட்டுச் சைக்கிள்கள் இன்றும் இந்த இரண்டோடும்தான் விற்பனைக்கு வருகின்றன. மழைக் கோட்டோடும் பாவாடையோடும் ஓட்டுகிற நாடல்லவா! உள்ளே காற்சட்டை அணிந்து, அபாயாவின் கீழ்ப்பகுதியை ஒரு பக்கமாகச் சேர்த்து அகலமான இலாஸ்டிக் பட்டியால் கட்டினால் காற்றிலும் பறக்காது. ஸ்காபின் நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். கைப்பையையோ குடையையோ ஹென்டிலில் தொங்கவிடுவது நம்மவர் வழக்கம். அதன் வார் முன்சில்லில் போனால் வண்டி நின்றுவிடும், ஓட்டுபவர் நிற்கமாட்டார்.

இன்னுமொன்று தாய்மார்களுக்கு. சின்னப் பிள்ளையைக் கரியரில் வைத்து, "மகன், கால அகட்டி வெச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். தூக்கம் வந்தால் கால் எங்கே போகும்? கம்பிக்குள்தான். குதிகால் தோல் உரிந்து, சில வேளை எலும்பும் முறிந்து சிறுவர்கள் வைத்தியசாலைக்கு வருவது இதனால்தான். கால் வைக்கத் தட்டும், பக்கங்களில் மறைப்பும், இடுப்புப் பட்டியும் உள்ள பிள்ளை ஆசனம் இல்லாமல் சின்னவர்களை ஏற்றாதீர்கள்.

தலைக்கவசத்தை மோட்டார் சைக்கிளில் மறக்காத நாம் சைக்கிளில் நினைப்பதில்லை. ஸ்காபுக்கு மேல் போடலாம், ஆனால் அடியில் ஊசிகளும் தடித்த முடிச்சும் வேண்டாம். கொண்டையைக் கழுத்துப் பக்கம் தாழ்த்திக் கட்டினால் சரியாக அமரும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நேராக இருக்க வேண்டும். பின்னே சாய்த்து நெற்றியைத் திறந்து போட்டால் விழும்போது நெற்றிதான் முதலில் அடிபடும். ஒரு தடவை பலமாக அடிபட்ட கவசம், வெடிப்புத் தெரியாவிட்டாலும், மறுபடி உதவாது.

இனி வீதி. பயத்தில் பிள்ளைகள் கானோரமாக ஒட்டி ஓட்டுவார்கள். அங்கேதான் குப்பை, மணல், சில்லை விழுங்கும் கான் மூடிகள் எல்லாம் இருக்கின்றன. அதைத் தவிர்க்கத் திடீரென வலப்பக்கம் வெட்டும்போதுதான் பின்னால் வருபவர் மோதுகிறார். ஓரத்திலிருந்து சற்று விலகி, நேராக ஓட்டுவதே பாதுகாப்பு. நிறுத்தியிருக்கும் வாகனங்களுக்கும் நமக்கும் ஒரு கதவு திறக்குமளவு, அதாவது ஒரு மீற்றராவது, இடைவெளி வேண்டும். சந்தியில் லொறியோ பஸ்ஸோ நின்றால் அதன் இடப்பக்கத்தால் நுழையவே கூடாது. அது இடப்பக்கம் திரும்பும்போது பின்சில்லு உட்பக்கமாக வரும்; பக்கத்தில் இருப்பவரைச் சாரதிக்குத் தெரியாது. பின்னால் நில்லுங்கள், அது போகட்டும். பெரிய சந்தியில் வலப்பக்கம் திரும்பப் பயமாயின் இறங்கிப் பாதசாரிக் கடவையில் உருட்டிக்கொண்டு போவதில் வெட்கமில்லை. மழையில் பிரேக் தாமதமாகவே பிடிக்கும்; முன்கூட்டியே இலேசாக அழுத்தி ஈரத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

சைக்கிள் ஓட்டாத சகோதரிகளுக்கும் இதில் பங்குண்டு. வீதிப் பக்கத்துக் கார்க் கதவைத் திறக்கும்போது கதவுக்குக் கிட்டவுள்ள கையால் அல்ல, மற்றக் கையால் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருபவர் கண்ணில் படுவார். பிரித்தானியாவின் வீதி ஒழுங்கு நூலிலும் 2022இல் இதைச் சேர்த்திருக்கிறார்கள்.

தங்கை மகளின் கதைக்கு வருகிறேன். பிளாஸ்டர் கழற்றி இரண்டு மாதத்தின் பின், அவள் அளவுக்கு 24 அங்குலத்தில் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைப் பாஸ் தேடிக் கொடுத்தார். வாப்பா பெடல்கள் இரண்டையும் கழற்றச் சொல்லி, வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். கால்களால் தள்ளித் தள்ளிப் போகப் போக, பயமும் போனது, சமநிலையும் வந்தது. பிறகு பெடலைப் பூட்டி, நேராக ஓட்டிக்கொண்டே தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கப் பழக்கினார். இது இலகு அல்ல; திரும்பும் பக்கத்துக்கு ஹென்டிலும் போகும். அதைப் பழக மட்டும் மூன்று கிழமை எடுத்தது. டியூசனுக்கான வழியை, பெரிய வீதியை விட்டு ஒழுங்கைகளால், இருவரும் நடந்தே பார்த்து வைத்தார்கள். ஐந்து நிமிடம் கூடவாகும்.

முதல் நாள் தங்கை கேற்றடியில் நின்று, "இன்னும் வரல்ல ராத்தா" என்று எனக்கு மூன்று முறை கோல் எடுத்தாள். பிள்ளை வந்துவிட்டாள்.

இப்போது அவள் வாப்பாவின் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். 24 அங்குலம் சிறிதாகிப் போனது. போன மாதம் பின் விறாந்தையில் கிடந்த அந்தப் பெரிய சைக்கிளைத் துடைத்து ஏறிப் பார்த்தாளாம். இரண்டு காலும் நிலத்தில். தகப்பன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்: "நான் அண்டைக்கே சொன்னன்தானே ராத்தா, வளருவாள் எண்டு."