போல்ட்டின் தலையைப் பாருங்கள்

பொந்தியான் வாசக அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அன்னாசி ஏற்றும் டிரெய்லருக்காக வீட்டு லேத்தில் போல்ட் கடையப் போனாராம். உளிதான் மழுங்கியதாம், போல்ட்டில் கீறல்கூட விழவில்லையாம்!

அன்பரே, முதலில் போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8 என்றிருந்தால் கவலையில்லை. ஹைஸ்பீடு உளியே போதும். வேகத்தைக் குறைத்து, எண்ணெய் விட்டுக் கடையலாம். 12.9 என்றால் சங்கதி வேறு. முன் எண்ணை நூறால் பெருக்குங்கள்: சதுர மில்லிமீட்டருக்கு 1200 நியூட்டன் இழுவையைத் தாங்கும் எஃகு அது. கார்பைடு உளிதான் வேண்டும். உளியை நீட்டாமல் குட்டையாகப் பிடியுங்கள். உரசவிடாதீர்கள், வெட்டவிடுங்கள்.

'பழுக்கக் காய்ச்சிச் சாம்பலில் ஆறவிட்டால் இளகுமே?' என்கிறீர்கள். இளகும்தான், வெண்ணெய் போலக் கடையலாம். ஆனால் வலு போய்விடும், தலையில் 12.9 மட்டும் அப்படியே நிற்கும்! நாளைக்கு இன்னொருவர் அந்த எண்ணை நம்பி அதைப் பிரேக்கில் பூட்டுவார். டிரெய்லரில் அன்னாசி மட்டுமா போகிறது? வேலை முடிந்தால் ஆட்களும் தொற்றிக்கொள்வார்களே! பிரேக்குக்கும் இணைப்புக் கொக்கிக்கும் சரியான அளவில் புது போல்ட்டே வாங்கிவிடுங்கள். காய்ச்சியதை வேலிக்கதவுக்கு வைத்துக்கொள்ளலாம், தலை எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டு.

கண்ணாடி போடாமல் லேத் பக்கம் போகாதீர்கள். அந்தச் சுருள் நெருப்பாய்ச் சுடும்.