பறவை பார்க்கப் போனவனிடம் கேட்ட கேள்வி

சென்ற தை மாதம், நாங்குநேரிப் பக்கத்தில் ஒரு குளத்துக்கு எங்கள் தெருப் பையன்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். மாலை நேரப் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகள். கையில் பழைய விலைக்கு வாங்கிய ஒரு பைனாகுலர், ஒரு நாற்பது பக்க நோட்டு. குளம் நிறைந்து கிடந்தது. நீர்க்காகங்கள் பட்ட கருவேல மரத்தில் இறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. நோட்டில் நான்காவது பெயரை எழுதும்போது பின்னால் டிவிஎஸ் வண்டி வந்து நின்றது.

"எந்தூருப்பா?"

சொன்னேன்.

"அங்க எந்தத் தெரு?"

இந்த மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு இரண்டாவது கேள்வி என்ன கேட்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. "பறவ பாக்க வந்தோம்" என்றேன். "பறவயப் பாத்து என்ன செய்யப் போறிய? மீன்பாசி ஏலம் எடுத்த குளம் இது. அந்தப் பக்கம்லாம் போவக் கூடாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வழக்கமாகச் சொல்வதைப்போலச் சொன்னார். பையன்களில் சின்னவன் என் சட்டையை இழுத்தான். "அண்ணே, போயிருவோமா?"

போய்விட்டோம். இரண்டு வாரம் கழித்து அதே கரைக்குச் சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவருடன் போனேன். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்த கேமரா அவருடையது. அதே பெரியவர், அதே வண்டி. அவரே முன்னால் நடந்து நாரைகள் அடையும் மரத்தைக் காட்டினார், "சார் டீ குடிக்கியளா?" என்று கேட்டார். நண்பரிடம் எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் டிரைபாடைத் தூக்கிக்கொண்டு வந்த ஆள்.

அந்தப் பெரியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. குளம், பறவை, இயற்கை என்று இப்போது நிறையப் பேர் அழகாக எழுதுகிறார்கள். அந்த எழுத்துகளில் கரை எப்போதும் ஆளில்லாமல் கிடக்கிறது. எங்களுக்குத் தெரிந்த கரைகளில் ஆள் உண்டு, கேள்வியும் உண்டு.

எங்கள் வட்டாரத்தின் பெருமை கூந்தன்குளம். 1994இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, சுமார் 129 எக்டேர். இப்போது ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அங்கே வீட்டுக் கொல்லைப்புற மரங்களில் கூடு கட்டும். பறவைகள் மிரளும் என்று ஊரார் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் ஊறிய குளத்து வண்டலை வயலுக்கு உரமாகப் போடுகிறார்கள். இமயமலையைத் தாண்டிப் பட்டைத்தலை வாத்து அங்கே வந்து இறங்குகிறது. அந்த மக்களின் பொறுமையை நான் மெய்யாகவே மதிக்கிறேன். போகாதவர்கள் போய்ப் பாருங்கள்.

கூந்தன்குளம் இருப்பது நாங்குநேரி வட்டத்தில். 2023 ஆகஸ்ட் 9 அன்று பள்ளியில் உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டியது இதே நாங்குநேரியில்தான். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கூந்தன்குளத்து மக்களுக்கும் அந்த வெட்டுக்கும் தொடர்பில்லை. ஆனால், ஒரே வட்டத்தில் நடப்பவற்றை இரண்டு தனித்தனிச் செய்திகளாக மட்டுமே படிக்க என்னால் முடியவில்லை. இந்த இடத்தில் 'பறவைக்குச் சாதி இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கட்டுரையை முடிப்பவர்கள் உண்டு. பறவைக்குச் சாதி இல்லாததால் எங்கள் பையனுக்கு என்ன கிடைத்தது?

குளம் என்பது தானாக வந்த நீர்நிலை அல்ல. கரை போட்டு, மடை வைத்து, மறுகால் வெட்டி, ஆண்டுதோறும் மண் சுமந்து காத்த ஒரு ஏற்பாடு. தென்மாவட்டங்களில் மடை திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சி, உடைப்பு விழுந்தால் இரவில் ஓடிப்போய் அடைத்தவர்களில் பெரும்பகுதி எங்கள் மக்கள். அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல்கள் பெரும்பாலும் எங்களுடையவை அல்ல. தண்ணீர் வற்றினால் மீன்பாசி ஏலம், அதற்கப்புறம் கருவேல மரம் ஏலம். ஏலம் சட்டப்படி எவரும் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் எத்தனை ஊர்களில் காலனிக்காரர் துணிந்து கேட்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள். சில ஊர்களில் சுடுகாட்டுக்குப் பிணம் போகும் பாதையும் இந்தக் கரைதான், அதிலும் தகராறு. பார்வையாளர் கண்ணுக்கு இவையெல்லாம் தெரிய வாய்ப்பில்லை. காலை ஆறு மணிக்கு வந்து ஒன்பது மணிக்குக் கிளம்புகிறவருக்குக் குளம் அமைதியாகத்தான் இருக்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை இது நூறாண்டுக்கு முன்பே முடிந்துபோன வழக்கு. பொதுச் சாலை, பாதை, கிணறு, குளம் எல்லாம் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தைச் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் 1924இல் நிறைவேற்ற வைத்தார். 1927 மார்ச் 20 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளினார். அங்கேயும் நகராட்சி முன்னமே தீர்மானம் போட்டிருந்தது, மக்கள்தான் கரையில் இறங்க முடியாமல் இருந்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தமும் ஆறு, ஓடை, குளம், பாதை என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவற்றைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம். இந்தச் சட்டம் தெரிந்தும் நான் அன்று திரும்பி வந்தேன். கூட மூன்று சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள்.

மேற்கே மலையைப் பாருங்கள். கூந்தன்குளம் மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாயில் வரும் நீரை நம்பியிருக்கும் குளம். அந்த அணையைத் தாண்டி மலையேறினால் மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட காட்டில் தேயிலை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வும் சிறையில் இருந்த தொழிலாளர்களின் விடுதலையும் கேட்டு நெல்லையில் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தவர்கள் மீது காவல்துறை தடியடி நடத்தி ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. குத்தகை 2028இல் முடிகிறது. 2024இலேயே வேலை நின்றது, நாலைந்து தலைமுறையாக அங்கே இருந்தவர்களை மலையிறங்கச் சொன்னார்கள். காடு காடாக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இருவாட்சியைப் பார்க்க வனத்துறை அனுமதியோடு வண்டிகள் ஏறும் அதே பாதையில், அங்கேயே பிறந்தவர்கள் சாமான் சட்டியோடு இறங்கினார்கள்.

நம் தோழர்களே சிலர் கேட்கிறார்கள்: "வீடு, நிலம், வேலை, பள்ளிக்கூடம் என்று இத்தனை கிடக்கும்போது பறவை பார்ப்பது ஒரு பிரச்சினையா?" நான் அப்படி நினைக்கவில்லை. வேலை செய்யக் கரைக்குப் போனால் எங்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. மண்வெட்டியோடு போனால் கேள்வி இல்லை. சும்மா நிற்கப் போனால்தான் கேள்வி வருகிறது. ஒரு மனிதன் வேலையின்றி, பயமின்றி, ஒரு மணி நேரம் ஒரு பொது இடத்தில் நிற்க முடிகிறதா என்பது சின்ன விஷயமல்ல. 2020 மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பினத்தவர் பறவை பார்த்துக்கொண்டிருந்தார். நாயைக் கயிற்றில் கட்டச் சொன்னதற்காக ஒரு வெள்ளைப் பெண் அவர்மீது காவல்துறைக்குப் போன் போட்டார். ஜார்ஜ் பிளாய்ட் கொல்லப்பட்டதும் அதே நாளில்தான். சில நாட்களுக்குள் கறுப்பினப் பறவை ஆர்வலர்கள் தங்களுக்கென்று ஒரு வாரத்தையே அறிவித்துவிட்டார்கள். கையில் பைனாகுலர் இருந்தாலும் சந்தேகிக்கப்படும் அனுபவம் என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

அறிவுக்கும் இதில் பங்கு இருக்கிறது. தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011இலிருந்து ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் தன்னார்வலர்கள் போய் எண்ணுகிறார்கள். நல்ல வேலை, நானும் போயிருக்கிறேன். முதல் தடவை புத்தகத்தைப் புரட்டிப் பெயர் தேடிக்கொண்டிருந்தவன், வீட்டுக்கு வந்து படத்தை அம்மாவிடம் காட்டினேன். "இது முக்குளிப்பான். இது தாழைக்கோழி. இது நத்தகுத்தி" என்று அடுக்கினாள். முப்பது வருடம் நடுகைக்குப் போனவள். நத்தகுத்தி நாரை எந்த வயலில் இறங்கும், எந்த மாதம் வராது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவளும் அதே வயலில் நத்தை பொறுக்கியவள்தான். கொண்டுவந்து அவித்துக் கொடுப்பாள், மிளகு போட்டு. பள்ளிக்கூடத்தில் அதற்காக என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத விருப்பமில்லை. நத்தை தின்னும் நாரைக்குத் தகவல் பலகை வைத்திருக்கிறார்கள், நல்லது.

கணக்கெடுப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. படிவத்தில் தண்ணீரின் அளவு, வேலிக்கருவேல், குப்பை எல்லாவற்றுக்கும் குறிப்பு எழுதுகிறோம். கரையில் யார் நடக்கிறார்கள், யார் நடப்பதில்லை என்றும் ஒரு வரி எழுதலாம். அந்தக் குளத்து ஊரின் காலனிப் பிள்ளைகளைக் குழுவில் சேர்க்கலாம். நகரத்துக் கல்லூரி மாணவர்களைப் பேருந்து வைத்துக் கூட்டிவர முடிகிறவர்களால் கால் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தெருவுக்கு நடந்து போக முடியாதா? நீர்வளத் துறையும் ஊராட்சியும் மீன்பாசி ஏலம் மீனுக்குத்தான், கரைக்கு அல்ல என்று ஒரு பலகை வைத்தால் பெரிய செலவாகாது.

வரும் தையில் அதே குளத்துக்கு மறுபடி போகப் போகிறோம். இந்த முறை மூன்று பேர் அல்ல, படிப்பகத்திலிருந்து பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சட்டைப் பையை இழுத்த சின்னவன்தான் நோட்டு எழுதுவேன் என்று அடம்பிடிக்கிறான். ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தோழர் ஒருவர் சொன்னார். பறவை பார்க்கப் போவதற்குக் காவல் நிலையத்தில் கடிதமா என்று முதலில் சிரித்தேன், பிறகு எழுத உட்கார்ந்தேன். அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறாள். குளத்துக்கு வேலையில்லாமல் போவது அவளுக்கு இதுதான் முதல் தடவையாம். என்ன சேலை கட்டுவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.