லைட்டர் சாக்கெட்டை நம்பலாமா?

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியைப் புரட்டிப் போட்டது. செல்போன்கள் ஊமையாகின, ஹாம் ரேடியோக்கள் பேசின. இப்படி உயிர் காக்கும் கருவிக்குச் சிலர் கரண்ட் எடுப்பது எங்கிருந்து தெரியுமா? வண்டியின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து!

50 வாட் ரேடியோ பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கும், ஃபியூஸும் போகலாம். பேட்டரியிலிருந்து தடித்த ஒயரை நேராக இழுப்பதே சரி.

ஆனால் ஃபோர்டு எஃப்-150 ஹைப்ரிட் போன்ற பிக்கப்பில் பேட்டரி இரண்டு. ஆரஞ்சு கேபிள் உயர் மின்னழுத்தம், தொடவே கூடாது! ரேடியோவுக்கு 12 வோல்ட் பேட்டரிதான். பாசிட்டிவ் ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். நெகட்டிவ் ஒயரைப் பேட்டரி முனையில் மாட்டாமல் பாடி எர்த்தில் மாட்ட வேண்டும். முனையிலேயே மாட்டினால் ரேடியோ குடிக்கும் கரண்ட் அங்குள்ள சென்சாரின் கணக்கில் வராது; பேட்டரியில் மிச்சம் எவ்வளவு என்று வண்டி தப்பாக நினைத்துக்கொள்ளும்.

கொஞ்சம் காசு, கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். அதற்குச் சோம்பல்பட்டால், அடுத்த புயலில் ரேடியோவும் ஊமைதான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?