மிதக்கும் தண்டவாளமும் ஒரு தப்பான பாராட்டும்

லிவர்பூல்ல இருந்து மான்செஸ்டருக்கு ரயில்ல போறவங்க நடுவழியில கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பாருங்க. தட்டையான நிலம், அளவெடுத்து வெட்டின வாய்க்கால், அங்கங்கே பிர்ச் மரம். பார்க்க ஒண்ணுமே இல்லாத இடம் மாதிரிதான் இருக்கும். ஆனா உங்க ரயில் அங்கே மிதந்துட்டு இருக்கு. நிஜமாத்தாங்க :-)

அந்த இடத்துக்குப் பேர் சாட் மாஸ். ஸ்பாக்னம்னு ஒரு பாசி வளர்த்த சதுப்பு. இந்தப் பாசி தன் எடையைப் போல பல மடங்கு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். செத்த பிறகும் தண்ணிக்குள்ளேயே கிடக்கறதால காத்து படாது, முழுசா மக்காது. அப்படியே ஆயிரக்கணக்கான வருஷமா படிஞ்சு பழுப்பா, பஞ்சு மாதிரி ஆயிடும். அதுதான் பீட். வருஷத்துக்கு சுமாரா 1 மில்லிமீட்டர்தான் சேரும். ஒரு மீட்டர் சேர எத்தனை வருஷம்னு கணக்குப் போட்டுக்கோங்க.

இதுக்கு மேல ரயில் விடலாம்னு ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1825ல் நாடாளுமன்றக் குழு முன்னாடி சொன்னப்போ, எதிர்த்தரப்பு வக்கீல்கள் அவரைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. மசோதா அந்த வருஷம் தோத்துப்போய், 1826ல்தான் நிறைவேறிச்சு. வேலையை ஆரம்பிச்சா, மண்ணைக் கொட்டக் கொட்ட சதுப்பு முழுங்கிட்டே இருந்துச்சு. கடைசியில ஹெதர் செடியையும் மரக்கிளையையும் தட்டி மாதிரி பின்னி, சதுப்பு மேல பரப்பி, அதுக்கு மேல பாதையைப் போட்டாங்க. தண்ணி வடியறதுக்கு, ரெண்டு பக்கமும் மூடியைத் தட்டின பழைய பீப்பாய்களை வரிசையா புதைச்சாங்க. 1830 செப்டம்பர் 15ல் பாதை திறந்தாச்சு. இன்னிக்கும் அதே வழியிலதான் ரயில் ஓடுது, இப்போ மின்சாரத்துல.

இதை எல்லாரும் 'சதுப்பை ஜெயிச்ச கதை'ன்னே எழுதறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ஜெயிக்கணும்னு மண்ணைக் கொட்டின வரைக்கும் அவருக்குத் தோல்விதான். இது இப்படித்தான் இருக்கும்னு ஒத்துக்கிட்டு, மேல மிதக்க விட்டப்புறம்தான் பாதை நின்னுச்சு. பாராட்டறதா இருந்தா அந்த விட்டுக்கொடுத்த புத்தியைப் பாராட்டுங்க.

சதுப்பை நிஜமாவே ஜெயிச்சவங்க வேற ஆளுங்க. வாய்க்கால் வெட்டித் தண்ணியை வடிச்சு வயலாக்கினாங்க. 1895ல் மான்செஸ்டர் மாநகராட்சி அங்கே பெரிய பரப்பை வாங்கி, ஊர்க் கழிவைக் கொண்டுவந்து கொட்டுச்சு. மனுஷக் கழிவும் சேர்த்துத்தான். அப்புறம் தோட்டத்து மண்ணுக்குன்னு பீட்டையே சுரண்டி மூட்டை கட்டி வித்தாங்க. தண்ணி போனா காத்து உள்ளே வரும். இத்தனை காலம் மக்காம இருந்தது மக்க ஆரம்பிச்சு, கார்பன் டை ஆக்சைடா வெளியே போகும். நிலமும் கீழே இறங்கிட்டே போகும்.

"அப்போ விவசாயம் வேணாமா"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. அங்கே காய்கறி போட்டுப் பிழைக்கிற குடும்பங்களை நாம குத்தம் சொல்ல முடியாது. ஆனா வருஷா வருஷம் மண்ணே கரையுதுன்னா, அது வட்டியில சாப்பிடறது இல்லீங்க, முதலையே தின்னுட்டு இருக்கறது. எத்தனை தலைமுறைக்கு வரும்?

இப்போதான் கொஞ்சம் புத்தி வந்திருக்கு. அங்கே பீட் எடுக்க அனுமதி கேட்டதை 2012ல் அரசு மறுத்துடுச்சு. சுரண்டி விட்ட லிட்டில் வூல்டன் மாஸை ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு வாங்கி, வாய்க்கால்களை அடைச்சு, திரும்ப ஈரமாக்கிட்டு வருது. பக்கத்துல ஆஸ்ட்லி மாஸில், அந்த வட்டாரத்தை விட்டே காணாமப் போயிருந்த ஒரு ஹீத் பட்டாம்பூச்சியை 2020ல் திரும்பக் கொண்டுவந்து விட்டாங்க.

இதெல்லாம் நமக்கெதுக்குன்னு நினைக்காதீங்க. அங்கே பீட்டுக்குப் பதிலா தொட்டியில போடறது என்ன தெரியுமா? நம்ம தென்னை நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காலத்துல ரோட்டோரம் மலை மாதிரி குவிஞ்சு கிடந்த அதே சமாசாரம், இப்போ கட்டி கட்டியா கப்பல் ஏறுது. அதை அலசறதுக்கு இங்கே எவ்வளவு தண்ணி செலவாகுதுன்னும் யாராவது கணக்குப் பார்க்கணும். ஒரு ஊர்ச் சதுப்பைக் காப்பாத்தறேன்னு இன்னொரு ஊர்க் கிணத்தைக் காய விட்டா, அதுவும் அந்த வாய்க்கால் வெட்டினவங்க புத்திதானே?