காயலான் கடைக்குப் போடும் முன்...

நம் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் சதுர அடிக் கணக்கில்தான் விலை போகிறது. அதை அளக்கும் எலக்ட்ரானிக் மெஷின் பழசாகி நின்றால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

போர்டில் கண்டன்சர் போனால் மாற்றலாம். 7400 வரிசை ஐசி இன்றும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். ஆனால் புரோகிராம் பதிந்த இப்ராம் சிப் அப்படியல்ல. வெற்றுச் சிப்பை வாங்கலாம், அதற்குள் இருந்த புரோகிராமை எந்தக் கடையில் வாங்குவது? தயாரித்த கம்பெனியே மூடியிருந்தால் யாரிடம் கேட்பது? அந்தச் சிப்பின் கண்ணாடி ஜன்னலில் புற ஊதா ஒளி பட்டால் பதிவு அழியும். ஒளி படாவிட்டாலும் ஆண்டுக்கணக்கில் மின்னூட்டம் மெல்லக் கசியும்.

1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போன்ற, காசு போட்டு ஆடும் வீடியோ கேம்களின் சிப்புகளை வெளிநாட்டு ஆர்வலர்கள் படியெடுத்து வைத்தார்கள். 1997இல் தொடங்கிய 'மேம்' மென்பொருளில் அவை இன்றும் ஓடுகின்றன. விளையாட்டுப் பெட்டிக்கே அவ்வளவு அக்கறை என்றால், சோறு போடும் மெஷினுக்கு வேண்டாமா?

சிப்பைப் படிக்கும் கருவி சில ஆயிரம் ரூபாய்தான். நம் ஐடிஐ, பாலிடெக்னிக் ஒவ்வொன்றிலும் ஒன்று இருக்கட்டும். மெஷின் ஓடும்போதே பிள்ளைகள் படியெடுத்துத் தரட்டும். அவர்களுக்கும் தொழில் கைவரும்.

அதுவரை, ஜன்னல் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை மட்டும் யாரும் கிழிக்காதீர்கள்!