இத்தாலியில் செட்டில் ஆகணுமா? முதல்ல 600 மணி நேரம் முதலீடு பண்ணுங்க



"சார், மாசம் 50 ஆயிரம் வாங்கறேன். இத்தாலியில எம்.எஸ்சி. படிச்சுட்டு அங்கேயே செட்டில் ஆகலாமா?" இந்தக் கேள்வி இப்போ நிறைய வருது. சிதம்பரம், கடலூர், நெய்வேலி பக்கத்துப் பசங்களும் கேட்கறாங்க. அண்ணாமலை நகர்ல அக்ரி படிச்சவங்க, இன்ஜினியரிங் முடிச்சுட்டு சென்னையில வேலை பார்க்கறவங்க, எல்லாருக்கும் இதே யோசனை.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தாராளமா போகலாம். ஆனா பேப்பர் போடறதுக்கு முன்னாடி, கையில சம்பளம் வந்துட்டு இருக்கும்போதே, இத்தாலிய மொழியை ஏ2 லெவல் வரைக்கும் கத்துக்கோங்க. அதுக்குப் பொறுமை இல்லைன்னா, இந்தத் திட்டத்தையே கைவிடறது நல்லது.

ஏன் இவ்வளவு கறாரா சொல்றேன்? கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

சிக்கல் ஃபீஸ்ல இல்ல

இத்தாலியில அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் இங்கிலாந்து, அமெரிக்காவோட ஒப்பிட்டா ரொம்பக் குறைவு. பொலோனியா, பதுவா மாதிரி பழம்பெரும் பல்கலைக்கழகங்கள்லயே ஆங்கிலத்துல எம்.எஸ்சி. இருக்கு. குடும்ப வருமானம் குறைவா இருந்தா, அங்குள்ள மாநிலங்கள் உதவித்தொகையும் தருது. அதனாலதான் நம்ம பசங்க அந்தப் பக்கம் போறாங்க.

சிக்கல் படிப்பு முடிஞ்ச அடுத்த நாள் ஆரம்பிக்குது. இந்தியாவும் இத்தாலியும் 2023 நவம்பர் 2-ம் தேதி ஒரு குடிபெயர்வு ஒப்பந்தம் போட்டாங்க. படிப்பு முடிச்ச இந்திய மாணவர்கள் வேலை அனுபவத்துக்காக 12 மாசம் வரைக்கும் அங்கே தங்கலாம்னு அதுல இருக்கு. அந்த 12 மாசத்துக்குள்ள வேலை பிடிக்கணும்.

மிலான்ல சில ஐ.டி. கம்பெனிகள்ல ஆங்கிலத்தை வெச்சே சமாளிக்கலாம். மத்த இடங்கள்ல இன்டர்வியூ, வாடகை ஒப்பந்தம், டாக்டர், வரி அலுவலகம், எல்லாம் இத்தாலிய மொழியிலதான். படிப்பு முடிஞ்ச பிறகு மொழியைத் தொட்டா, உங்க 12 மாசமும் வகுப்புலயே கரைஞ்சு போயிடும்.

அதுக்குப் பிறகும் மொழி விடாது. அஞ்சு வருஷம் இருந்துட்டு நீண்டகாலக் குடியிருப்பு அனுமதி கேட்டா ஏ2 சான்று வேணும். நம்மை மாதிரி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து போறவங்க குடியுரிமை கேட்க பொதுவா பத்து வருஷம் வசிச்சிருக்கணும், பி1 சான்றும் வேணும். அந்தப் பத்தை அஞ்சா குறைக்கறதுக்கு 2025 ஜூன்ல வாக்கெடுப்பு நடந்துச்சு. போதுமான பேர் ஓட்டுப் போட வராததால அது செல்லாம போச்சு.

மொழியோட விலை என்ன?

ஆங்கிலம் பேசறவங்க இத்தாலிய மொழியில வேலை பார்க்கற அளவுக்கு வர சுமார் 600 மணி நேர வகுப்பு வேணும்னு அமெரிக்க வெளியுறவுத் துறையோட மொழிப் பயிற்சி நிலையம் கணக்கு வெச்சிருக்கு. தினம் ஒரு மணி நேரம்னா 20 மாசம். ஏ2-க்கு அதுல ஒரு பகுதியே போதும்.

உங்க சம்பளம் 50,000, மாசம் 200 மணி நேர வேலைன்னு வெச்சுக்குவோம். ஒரு மணி நேரத்தோட மதிப்பு 250 ரூபாய். 600 மணி நேரம்னா ஒன்றரை லட்சம். இதை ஒரு எஸ்.ஐ.பி. மாதிரி தினமும் கட்டுங்க. நாலு மாசத்துல சலிச்சுப் போச்சுன்னா, உங்க நஷ்டம் 120 மணி நேரம், அதாவது 30 ஆயிரம் ரூபாய். வேலையை விட்டு, அப்பா பேர்ல இருக்கற வீட்டை அடமானம் வெச்சு, அங்கே போன பிறகு சலிச்சுப் போனா? அந்தக் கடனோட ஈ.எம்.ஐ. சிதம்பரத்துக்கே திரும்பி வரும்.

"28 வயசாச்சு, இனிமே மொழி வருமா சார்?" வீரமாமுனிவர் இத்தாலியில பிறந்து நம்ம ஊருக்கு வந்தப்போ அவருக்கு வயசு முப்பது. அதுக்கப்புறம்தான் தமிழ் படிச்சார். தேம்பாவணி எழுதினார், 1732-ல சதுரகராதி கொடுத்தார். சிதம்பரத்துக்குத் தெற்கே ஓடற அதே கொள்ளிடத்தோட கரையில, மேற்கே ஏலாக்குறிச்சியில இருந்தவர்தான். நமக்கு அவ்வளவு கூட வேண்டாம், பி1 போதும். உச்சரிப்புலயும் நமக்கு ஒரு வசதி உண்டு. 'நோனோ'ன்னா ஒன்பதாவது, 'நோன்னோ'ன்னா தாத்தா. பலருக்குக் குழப்பற இந்த இரட்டை மெய், 'படு', 'பட்டு' சொல்லிப் பழகின நமக்குப் புதுசில்ல.

உங்க வேலையில எவ்வளவு விமானம் ஏறும்?

என் தொழிலையே எடுத்துக்கோங்க. நம்ம சி.ஏ. பட்டத்தை வெச்சு இத்தாலியில கையெழுத்துப் போட முடியாது. அங்கே 'கொமெர்ச்சலிஸ்தா'ன்னு தனித் தொழில். 18 மாசப் பயிற்சி, பிறகு அரசுத் தேர்வு. என் ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். அறிவு சென்னை ஏர்போர்ட்லயே நின்னுடும். ஐ.எஃப்.ஆர்.எஸ். மட்டும் கூட வரும். ஐரோப்பாவுல பட்டியலிட்ட கம்பெனிகளோட குழுமக் கணக்குகள் 2005-ல இருந்து அதுலதான் போடறாங்க.

நீங்களும் உங்க வேலையை ரெண்டாப் பிரிச்சுப் பாருங்க. கோடிங், டிசைன், லேப் வேலை விமானம் ஏறும். நம்ம ஊர்ச் சட்டம், நம்ம ஊர்க் கஸ்டமர், நம்ம மொழியில பண்ற சேல்ஸ் ஏறாது. ஏறாத பங்கு பெருசுன்னா, நீங்க பண்றது இடமாற்றம் இல்ல, தொழில் மாற்றம். ஃபிரெஷர் சம்பளத்துல தொடங்கத் தயாரான்னு யோசிங்க.

பேப்பர் போடும் முன் நாலு செக்

1. டிகிரி. தொலைதூரக் கல்வியில படிச்சிருந்தா, நீங்க சேர்ந்த வருஷத்துக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருந்ததான்னு பாருங்க. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் தந்திருந்ததா யு.ஜி.சி. 2022 மார்ச்சில் அறிவிச்சது நினைவிருக்கும்.

2. சம்பளம். பேக்கேஜை 12-ஆல வகுக்காதீங்க. அங்கே பொதுவா 13 தவணை, சில துறைகள்ல 14. 28,000 யூரோன்னா பிடித்தத்துக்கு முன்னாடியே மாசம் சுமார் 2,150 யூரோதான். அதுல சமூகக் காப்பீடு 9 சதவீதத்துக்கு மேல. வருமான வரி முதல் அடுக்கே 23 சதவீதம். சம்பளக்காரர்களுக்குக் கழிவு உண்டு.

3. இங்குள்ள சொத்து. இத்தாலியில வரிக் குடியிருப்பாளர் ஆனா, ஊர்ல இருக்கற வீடு, ஃபண்ட், ஷேர் எல்லாத்தையும் அங்கே ரிட்டர்ன்ல காட்டணும். ஃபண்ட், ஷேருக்கு வருஷம் 0.2 சதவீதம், வீட்டுக்கு 1.06 சதவீதம் தனி வரியும் உண்டு.

4. வங்கி. வேலைக்காக வெளிநாடு போய் என்.ஆர்.ஐ. ஆனா சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வா மாத்தணும். பி.பி.எஃப். முதிர்வு வரை ஓடட்டும், ஆனா நீட்டிக்க முடியாது.

இந்த நாலையும் ஒரு வாரத்துல முடிச்சுடலாம். மொழிக்குத்தான் நாள் பிடிக்கும், அதனால அதை இன்னைக்கே தொடங்குங்க. சியன்னா வெளிநாட்டினர் பல்கலைக்கழகத்தோட சில்ஸ், பெருஜியாவோட செலி, ரெண்டுமே அங்கீகாரம் பெற்ற தேர்வுகள். ஏ2 சான்று கையில வந்த பிறகும் ஆசை குறையலைன்னா ரிசைன் லெட்டர் எழுதுங்க. அந்த ஸ்டேஜ்ல கல்விக் கடனை எப்படித் திட்டமிடறதுன்னு அடுத்த வீடியோவுல பார்க்கலாம்.